அதே 78 சதவீதம், வேறு வேறு கதை

தொடக்கப் பதிவு, ஒரு வாசகர் எழுதியது
2025 மே 4

பிரிட்டன் தன் கடலில் எடுக்கும் எண்ணெய், எரிவாயு லாபத்தின் மேல் மொத்தம் 78 சதவீதம் வரி போடுகிறது. கம்பெனிகள் மூட்டை கட்டுகின்றன. வரியைக் கூட்டினால் முதலீடு போகும், குறைத்தால் வரும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? யாராவது மறுக்க முடியுமா?

மே 4, இரவு, என் பதில்

மறுக்கிறேன். அதே வட கடலின் மறுகரையில் நார்வே இருக்கிறது. அங்கேயும் 78 சதவீதம்தான். அங்கே கம்பெனிகள் மூட்டை கட்டவில்லை, புதிய எண்ணெய் வயல்களுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கின்றன. விகிதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் இது நடக்கக் கூடாது.

பல வருடம் எண்ணெய்க் கம்பெனிகளில் திட்டப் பொருளாதாரம் பார்த்தவன் நான். ஒரு வயலில் பணம் போடலாமா வேண்டாமா என்று போர்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. நாளை விரிவாக எழுதுகிறேன்.

மே 5

2011 மார்ச் 23. பிரிட்டன் பட்ஜெட் நாள். ஒரு நடுத்தரக் கம்பெனியில் இருந்தேன். கடலில் நிற்கும் பழைய பிளாட்பாரம் (எண்ணெய் உற்பத்தி மேடை) ஒன்றின் பக்கத்தில் இரண்டு புதிய கிணறுகள் துளைத்து, கடலடிக் குழாய் போட்டு அதோடு இணைக்கும் திட்டம். தொழிலில் டை-பேக் என்பார்கள். அடுத்த மாதம் போர்டுக்குப் போக வேண்டிய காகிதம் என் மேஜையில் இருந்தது.

அன்று மதியம் நிதியமைச்சர் எழுந்து, எண்ணெய் உற்பத்தி லாபத்தின் மீதான கூடுதல் வரி 20-லிருந்து 32 சதவீதமாகிறது என்றார். அன்று நள்ளிரவிலிருந்தே அமல். தொழிலில் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. மொத்த விகிதம் 50-லிருந்து 62 ஆனது. மாலைக்குள் என் தாளில் இருந்த நிகர மதிப்பு, அதாவது வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பில் செலவு போக மிச்சம், பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குப் போனது. திட்டம் நிறுத்தப்பட்டது.

நார்வேயின் எண்ணெய்க் கம்பெனியான ஸ்டாட்டாயில் அதே சமயத்தில் பிரிட்டன் கடலில் மரைனர், பிரெஸ்ஸே என்ற இரண்டு பெரிய வயல்களின் வேலையை நிறுத்திவைத்தது. ஆக, வரி முதலீட்டைக் கொல்லவே கொல்லாது என்று நான் சொல்லவில்லை. கொன்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மே 5, பின்னிரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். "கொன்றதைப் பார்த்தேன்" என்பது முழு உண்மை இல்லை.

அந்தத் திட்டத்துக்குக் கடலடி உபகரண விலைப்புள்ளிகள் பிப்ரவரியிலேயே வந்துவிட்டன. நாங்கள் நினைத்ததைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். அதைப் போர்டிடம் எப்படிச் சொல்வது என்று எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தோம். அப்போது பட்ஜெட் வந்தது. பழியெல்லாம் வரி மேல் போனது. பத்து வருடத்துக்கு மேலாக "வரி கொன்ற திட்டம்" என்றே இதைச் சொல்லி வந்திருக்கிறேன். இங்கே எழுதும்போதுதான் அந்தப் பிப்ரவரி நினைவுக்கு வருகிறது. அது முன்பே பாதி உயிராகக் கிடந்தது. வரி கடைசி அடி.

கொள்கையால்தான் நின்றது என்று ஒரு கம்பெனி அறிக்கை விட்டால், அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் செலவு மதிப்பீடு எப்படி நகர்ந்தது என்று பாருங்கள்.

மே 7

ஒருவர் கேட்டிருக்கிறார்: "2011-க்குப் பிறகு முதலீடு விழுந்ததா?"

இல்லை, ஏறியது. 2014-ல் பிரிட்டன் கடலில் போட்ட மூலதனம் சுமார் 1,480 கோடி பவுண்டு. அதுவரை காணாத அளவு. வரி கூடிய மூன்றே வருடத்தில் இது.

இதற்கு மூன்று காரணங்கள் சொல்வேன். எண்ணெய் பீப்பாய் 110 டாலரை ஒட்டி நின்றது. பெரிய திட்டங்களின் முடிவுகள் முன்பே எடுக்கப்பட்டிருந்தன. கப்பல்துறையில் பாதி கட்டிய பிளாட்பாரத்தை பட்ஜெட் உரை கேட்டு யாரும் நிறுத்துவதில்லை. மூன்றாவது, 2012-ல் அரசே இறங்கிவந்து ஸ்காட்லாந்தின் ஷெட்லண்ட் தீவுகளுக்கு மேற்கே உள்ள ஆழ்கடல் வயல்களுக்கும், செப்டம்பரில் பழைய வயல் விரிவாக்கங்களுக்கும் சலுகைகள் கொடுத்தது. ஒரு கையால் பிடுங்கியதை மறு கையால் திருப்பிக் கொடுத்த கதை. மரைனரும் அதன் பிறகு பச்சைக்கொடி பெற்று 2019-ல் எண்ணெய் தந்தது.

அடுத்தது இன்னும் வேடிக்கை. 2015-ல் கூடுதல் வரியை 20 சதவீதமாகவும் 2016-ல் 10 ஆகவும் இறக்கினார்கள். மொத்தம் 40. முதலீடு வந்ததா? அந்த வருடங்களில்தான் சரிந்தது. எண்ணெய் விலை பாதாளத்தில் கிடந்தது.

தொடக்கப் பதிவு போட்டவருக்கு: பிரிட்டனின் வரிவிகிதத்தையும் முதலீட்டையும் 2011 முதல் 2016 வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், உங்கள் சூத்திரம் தலைகீழாகத்தான் தெரியும். விலைதான் யானை. வரி அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பாகன்.

மே 8

யானை, பாகன் என்று எழுதியதை ஒருவர் பிடித்துக்கொண்டு, "அப்படியானால் கொள்கை முக்கியமே இல்லையா?" என்கிறார். முக்கியம். ஆனால் எல்லோரும் பார்க்கும் இடத்தில் இல்லை. கணக்காகவே காட்டுகிறேன்.

இன்று 100 ரூபாய் போடுகிறீர்கள். ஐந்தாம் வருடம் 150 வருகிறது. தாமதமாக வரும் பணத்துக்கு மதிப்புக் குறைவு என்று வருடத்துக்கு 8 சதவீதம் கழித்துப் பார்த்தால் அந்த 150-க்கு இன்றைய மதிப்பு 102.1. வரிக்கு முன் நிகர மதிப்பு பிளஸ் 2.1. சுமாரான திட்டம், ஆனாலும் செய்யலாம்.

இப்போது 78 சதவீத வரி. செலவு முழுவதையும் அதே வருட லாபத்திலிருந்து கழித்து, மிச்சத்துக்கு மட்டும் வரி கட்டலாம் என்று வையுங்கள். 100-ல் 78-ஐ அரசே சுமக்கிறது, உங்கள் கையிலிருந்து 22. வருமானம் 150-லும் அரசுக்கு 78 சதவீதம், உங்களுக்கு 33. அதன் இன்றைய மதிப்பு 22.46. நிகரம் பிளஸ் 0.46. சிறியதுதான். ஆனால் பிளஸ் பிளஸ்ஸாகவே இருக்கிறது. இவ்வளவு பெரிய வரி போட்டும் முடிவு மாறவில்லை.

அதே 78. ஆனால் செலவை ஆறு வருடத் தேய்மானமாகத்தான் கழிக்க முடியும் என்று வையுங்கள். வருடத்துக்கு 13 ரூபாய் வரி மிச்சம், முதல் வருட முடிவிலிருந்து ஆறு தடவை. இன்றைய மதிப்பு 60.1. நிகரம் மைனஸ் 17.4.

விகிதம் ஒன்றே. திட்டம் ஒன்று பிழைக்கிறது, இன்னொன்று சாகிறது. பத்திரிகைகள் 78 என்று தலைப்புப் போடும்போது, போர்டு அறையில் நாங்கள் பார்ப்பது செலவை எப்போது, எவ்வளவு கழிக்கலாம் என்ற விதியைத்தான்.

மே 8, இரவு

திருத்தம். மேலே உள்ள இரண்டு கணக்கும், கம்பெனிக்கு வேறு வயல்களிலிருந்து வரி கட்டும் லாபம் ஏற்கெனவே இருக்கிறது என்ற அனுமானத்தில் போட்டது. அதைச் சொல்லாமல் விட்டது தவறு.

புதிதாக வரும் சிறிய கம்பெனிக்கு அந்த லாபம் இருக்காது. நட்டத்தை வட்டியில்லாமல் பின்வரும் வருடங்களுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று வையுங்கள். 100 போட்டு, ஐந்தாம் வருடம் 150 வந்து, மிச்சம் 50-க்கு 39 வரி கட்டி, கையில் 111. இன்றைய மதிப்பு 75.5. நிகரம் மைனஸ் 24.5. ஒரே சட்டத்தின் கீழ் பெரியவர் பிழைப்பார், புதியவர் சாவார்.

நார்வே இதை 2005-லேயே அடைத்தது. தேடுதலில் நட்டப்படும் கம்பெனிக்கு அந்தச் செலவின் வரி மதிப்பை, அதாவது 78 சதவீதத்தை, அடுத்த வருடமே பணமாகத் திருப்பித் தரும் ஏற்பாடு. சிறிய கம்பெனிகள் கூட்டமாக வந்தன. 2010-ல் ஜோகன் ஸ்வெர்ட்ரூப் என்ற பெரிய வயலைக் கண்டுபிடித்த கிணற்றைத் துளைத்ததும் லுண்டின் என்ற சிறிய கம்பெனிதான், பெரிய அண்ணன்கள் இல்லை. பெரியவர்கள் பல காலம் சுற்றிவிட்டுக் கைவிட்ட பகுதி அது.

மே 11

பிரிட்டன் மேற்படி வரிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். மொத்த விகிதம்:

2002-ல் 40. 2006-ல் 50. 2011-ல் 62. 2015-ல் 50. 2016-ல் 40. 2022 மே மாதம் 65. 2023 ஜனவரியில் 75. 2024 நவம்பரில் 78.

22 வருடத்தில் எட்டு மாற்றம். ஒரு கடல் வயல் கண்டுபிடிப்பிலிருந்து முதல் எண்ணெய் வரை ஏழெட்டு வருடம் இழுக்கும். அதன் பிறகு இருபது வருடம் ஓடும்.

நார்வேயில் 1992 முதல் மொத்தம் 78. சாதாரண கம்பெனி வரி 28-லிருந்து 22 வரை படிப்படியாகக் குறைந்தது. ஒவ்வொரு தடவையும் எண்ணெய்க்கான சிறப்பு வரியை அதே அளவு கூட்டி, 50-லிருந்து 56-க்குக் கொண்டுவந்து, கூட்டுத்தொகை 78-ஐ விட்டு நகராமல் பார்த்துக்கொண்டார்கள். முதன்முதலில் இதைக் கவனித்தபோது எனக்கு மரியாதையே வந்தது.

மே 12

"2022-ல் பிரிட்டன் மேலே சேர்த்த திடீர் லாப வரியும் தற்காலிகம்தானே, 2030-ல் முடியப்போகிறதே, இப்போது போட்டால் 78-ல் கழித்து பிறகு 40-ல் கட்டலாமே" என்று ஒருவர் கேட்டார். கெட்டிக்காரக் கேள்வி. தாளில் அது லாபமே. லாபமுள்ள கம்பெனிக்கு இன்றும் முதல் வருடமே முழுச் செலவையும் கழிக்க அனுமதி இருக்கிறது.

ஆனால் அந்த முடிவுத் தேதியைப் பாருங்கள். முதலில் 2025 டிசம்பர் என்றார்கள். பிறகு 2028 மார்ச். பிறகு 2029 மார்ச். இப்போது 2030 மார்ச். மூன்று முறை தள்ளிய தேதியை நான்காவது முறை நம்பி, 2031-ல் வரி 40 என்று என் தாளில் எழுதினால் நிதி இயக்குநர் கேட்கும் முதல் கேள்வி, "இது யார் சொன்ன 40?" என்பதுதான். கடைசியில் எல்லோரும் வயலின் ஆயுள் முழுக்க 78 என்றே போடுகிறார்கள். சட்டத்தில் இருக்கும் சலுகை கணக்கில் வருவதில்லை, யாரும் அதை நம்பவில்லை.

இன்னொன்று. சிறிய கம்பெனிகள் வயலில் உள்ள இருப்பையே அடமானமாக வைத்துக் கடன் வாங்குகின்றன. வங்கி வருடத்துக்கு இரண்டு தடவை அந்த இருப்பை மறுபடி மதிப்பிடும். வரி கூடினால் அடுத்த மதிப்பீட்டில் கடன் வரம்பு குறையும். திட்டம் நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே இடமில்லாமல் பணம் நின்றுபோகும்.

மே 13

நார்வேயைத் தலையில் தூக்கி ஆடுகிறேன் என்று குற்றச்சாட்டு. நியாயம்.

2013 மே மாதம் நார்வேயும் முன்னறிவிப்பில்லாமல் முதலீட்டுக்கான கூடுதல் கழிவை, அதாவது போட்ட செலவுக்கும் மேலே லாபத்தில் கழித்துக்கொள்ள விட்ட தொகையை, வருடத்துக்கு 7.5 சதவீதத்திலிருந்து 5.5 ஆகக் குறைத்தது. அடுத்த மாதமே ஸ்டாட்டாயில் பேரன்ட்ஸ் கடலில் ஜோகன் கஸ்ட்பெர்க் திட்டத்தைத் தள்ளிவைத்தது. வரி மாற்றத்தையும் செலவையும் காரணமாகச் சொன்னது. கவனியுங்கள், விகிதம் 78-ஐ விட்டு நகரவே இல்லை. கழிவு மட்டும் மாறியது. அது போதுமாக இருந்தது.

ஆனால் அதன் பிறகு நடந்ததும் முக்கியம். தள்ளிப்போன வருடங்களில் வடிவமைப்பை மாற்றினார்கள். 10,000 கோடி குரோனருக்கு மேல் என்று இருந்த செலவு, 2017-ல் திட்டம் கொடுக்கும்போது 4,900 கோடியாக இறங்கியது. லாபம் தொடங்கும் எண்ணெய் விலை 80 டாலருக்கு மேல் இருந்தது 35-க்குக் கீழே வந்தது. 2025 மார்ச் 31 அன்று உற்பத்தி தொடங்கிவிட்டது. அந்தத் தாமதம் திட்டத்துக்கு நல்லதே செய்தது என்று நினைக்கிறேன். கம்பெனிகள் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

2020-ல் எதிர்த்திசை. விலை சரிந்து எல்லோரும் நடுங்கியபோது, சிறப்பு வரியில் முதலீட்டை உடனே கழிக்கலாம், அதன் மேல் கூடுதலாக 24 சதவீதமும் கழிக்கலாம் என்று நாடாளுமன்றம் முடிவு செய்தது. அரசு முன்மொழிந்தது 10 சதவீதம் மட்டும்தான். நிபந்தனை, 2022 முடிவதற்குள் திட்டம் தாக்கல் செய்ய வேண்டும். விளைவு, 2022 டிசம்பரில் விண்ணப்பங்கள் வரிசை கட்டின. யக்ட்ரசில் போன்ற பெரிய வயல்களும் அதில். எல்லோரும் ஒரே நேரத்தில் அதே கப்பல்துறைகளையும் அதே ரிக்குகளையும் (கிணறு துளைக்கும் மேடைகளை) தேடினால் விலை ஏறாமல் என்ன செய்யும்? அந்தச் செலவில் பெரும்பங்கு அரசின் தலையில். அன்றைக்கு எண்ணெய் விலையும் நன்றாக ஏறியிருந்தது. சலுகை தேவையே இல்லாத வயல்களும் அதை வாங்கிக்கொண்டன.

மே 16

வரி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று ஒருவர் நினைவூட்டினார். சுருக்கமாகச் சில.

அமெரிக்கா 1975 முதல் கச்சா எண்ணெய் ஏற்றுமதிக்குப் போட்டிருந்த தடையை 2015 டிசம்பரில் எடுத்தது. இது வரி மாற்றம் இல்லை. ஆனால் டெக்சாஸின் ஷேல் பாறை எண்ணெய்க்கு உலகச் சந்தை திறந்தது, கடற்கரைக்குக் குழாய்வழிகளும் ஏற்றுமதி முனையங்களும் எழுந்தன. 2023-ல் ஏற்றுமதி நாளுக்கு 40 லட்சம் பீப்பாயைத் தாண்டியது.

இந்தியாவில் 2016 மார்ச்சில் ஆழ்கடல் எரிவாயுவுக்கு, ஒரு உச்சவரம்புக்குள், சந்தை விலை வைத்துக்கொள்ளும் சுதந்திரம் கொடுத்தார்கள். கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் கண்டுபிடிப்புகள் ஏற்கெனவே கையில் இருந்தன, பழைய விலையில் கட்டுப்படியாகாமல் கிடந்தன. 2017-ல் ரிலையன்ஸும் பிபியும் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு மூன்று திட்டங்கள் அறிவித்தன. முதல் எரிவாயு 2020 டிசம்பரில். நான் பார்த்தவற்றில் கொள்கைக்கும் முதலீட்டுக்கும் இடையே இவ்வளவு நேர்க்கோடு தெரியும் இடம் குறைவு.

அதே இந்தியா 2022 ஜூலை 1 அன்று உள்நாட்டுக் கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாய் திடீர் லாப வரி போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருந்தது. 2024 டிசம்பரில்தான் எடுத்தார்கள். இருபது வருடத்துக்குக் கணக்குப் போடுகிறவன் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாறும் எண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவான்?

மெக்சிகோ: 2013-ல் தனியார் எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்தார்கள். 2017-ல் டாலோஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி தலைமையிலான குழு சாமா வயலைக் கண்டுபிடித்தது. 2021-ல் அதை இயக்கும் பொறுப்பை அரசு தன் சொந்த எண்ணெய்க் கம்பெனியான பெமெக்ஸுக்குக் கொடுத்தது. கண்டுபிடித்தவருக்கு ஓட்டும் உரிமை இல்லை என்றால் அடுத்தவர் எதற்குத் தேடுவார்?

மே 18

"கம்பெனிக்காரன் பேச்சு. மக்களுக்கு என்ன?" என்று ஒரு பதில். மூன்று நாளாக இது மனதில் கிடந்தது.

கயானாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் லிசா என்ற எண்ணெய் வயல் கண்டுபிடிப்பு. 2016 ஒப்பந்தத்தில் ராயல்டி 2 சதவீதம்தான். உற்பத்தியில் 75 சதவீதம் வரை செலவுக்காக எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் பாதிக்குப் பாதி. பிறகு வரும் சட்டங்கள் கம்பெனியைப் பாதிக்கக் கூடாது என்ற நிலைத்தன்மை விதியும் உண்டு. முதலீட்டாளர் பார்வையில் தங்கமான ஒப்பந்தம், பணம் கொட்டியது, 2019 டிசம்பரிலேயே எண்ணெய் வந்துவிட்டது. ஆனால் நாட்டின் பேரம் பேசும் கை அந்த வயலைப் பொறுத்தவரை கட்டப்பட்டுவிட்டது. 2023-ல் புதிய தொகுதிகளுக்கு ராயல்டி 10, செலவு மீட்பு 65, கம்பெனி வரி 10 என்று மாற்றினார்கள். பழைய ஒப்பந்தம் அப்படியே நிற்கிறது.

ஆகவே நிலைத்தன்மை என்று நான் முழங்குவதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அநியாயமான ஒப்பந்தமும் நிலையாக இருக்கலாம். நார்வே தாங்கியது, பெரிய பங்கை முதலிலேயே வெளிப்படையாக எடுத்துக்கொண்டு நிறுத்தியதால்.

கம்பெனிகளின் பயமும் பொய் இல்லை. பணம் போடும் வரை பலம் அவர்கள் பக்கம். போட்ட பிறகு பிளாட்பாரத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது, பலம் அரசின் பக்கம். உரலுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்கு அஞ்ச முடியாது என்பார்கள். அதனால் தலையைக் கொடுப்பதற்கு முன்பே அஞ்சுகிறார்கள். 2007-ல் வெனிசுவேலா ஒரினோகோ பகுதி எண்ணெய்த் திட்டங்களைக் கையகப்படுத்தியபோது எக்ஸான், கோனகோ என்ற அமெரிக்கக் கம்பெனிகள் வெளியேறின. கோனகோவுக்கு 870 கோடி டாலர் இழப்பீடு என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வருவதற்குள் 12 வருடம்.

மே 21

தொடக்கப் பதிவு போட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "சரி, விகிதம் மட்டும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு கிணறு என்ன ஆனது?"

2012 செப்டம்பரில் பழைய வயல் சலுகை வந்ததும் தாளைத் தூசி தட்டினோம். கணக்கு மறுபடி பிளஸ். ஆனால் உபகரணங்களுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ரிக்குக்கும் காத்திருந்தோம். அப்படியே 2014 முடிந்தது, விலை விழுந்தது, மறுபடி நிறுத்தினோம்.

அந்தச் சமயத்தில் எண்ணெய் அனுப்ப வேண்டிய பிளாட்பாரத்தின் சொந்தக்காரர் தன் கணக்கைப் பார்த்தார். அந்த பிளாட்பாரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடச் செலவு ஏறக்குறைய ஒன்றே. வரும் எண்ணெய் குறையக் குறைய பீப்பாய்க்கு விழும் செலவு ஏறும். எங்கள் இரண்டு கிணறும் வந்திருந்தால் அந்தச் செலவில் பங்கு எடுத்திருக்கும், இன்னும் சில வருடம் ஓடியிருக்கும். வரவில்லை. நிறுத்த முடிவு செய்தார். கிணறுகளை அடைத்து, மேல்தளத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதை நம்பியிருந்த இன்னொரு சிறிய வயலும் சேர்ந்து நின்றது.

மே 21, சற்று பிறகு

"2030-ல் வரி உண்மையிலேயே 40-க்கு வந்தால் அதை எடுப்பீர்களா?" என்று கேட்டிருக்கிறார்.

மாட்டேன். இரண்டு கிணற்றுக்காகப் புதிய பிளாட்பாரம் கட்ட முடியாது. பூஜ்யம் வரி என்றாலும் கணக்கு வராது. எண்ணெய் இன்னும் அங்கேயே, அதே ஆழத்தில் இருக்கிறது. அதை ஏற்றிக்கொள்ள மேலே எதுவும் இல்லை.